செக்கனுக்கு ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு

வலது தோள்மூட்டு விடியற்காலையிலிருந்து நோகிறது. பதினேழு வயதில் உப்பளத்தில் மூட்டை தூக்கத் தொடங்கிய தோள் இது. அப்போது ஒருநாளும் நொந்ததில்லை, இப்போது கதிரையில் இருந்து மௌஸ் பிடித்தே நோகிறது. அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். தைலம் பூசிக்கொண்டு இடது கையால் தட்டுகிறேன், வேணுஜா மிஸ். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

உங்கள் மின்னஞ்சல் நேற்றுக் காலை பத்து மணிக்கு வந்தது. மற்ற மாவட்டங்களுக்கும் இதே முறையைக் கொண்டுபோக முன் எங்கள் அறிக்கையைச் சரிபார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். அதே மாதிரிக் கொம்பியூட்டர், அதே மென்பொருள் வைத்து நீங்கள் அளந்தபோது செக்கனுக்கு நானூறு பதிவைத் தாண்டவில்லை என்றும், என் அறிக்கையில் 9,412 என்று இருப்பது எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள்.

பதினாலு மாதமாக அந்த எண்ணைப் பார்த்து எல்லாரும் கைதட்டினார்கள். எப்படி என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. கீழே இறங்கிப்போய் இரண்டு றோல்ஸ் சாப்பிட்டு, பிளேன்ரீ குடித்து, இன்னொரு றோல்ஸ் சாப்பிட்டேன். வேலையை விளங்கிய ஒருவர் கேட்கும்போது ஒளிக்காமல் சொல்வதுதான் மரியாதை. முழுவதையும் சொல்கிறேன்.

எங்கள் கந்தோர் மன்னார் நகரில், ஒரு இரும்புக்கடைக்கு மேல்மாடி. கடற்றொழிலாளர் சங்கங்கள் சேர்ந்து நடத்துவது. வேலை லேசானது. கடலுக்குப் போகும் ஆள் கரையில் நின்று தன் படகு இலக்கத்தையும், தீவின் எந்தப் பக்கம், வடகடலோ தென்கடலோ என்பதையும் எங்கள் நம்பருக்கு மெசேஜ் போடுவார். "பதிவாகியது. கவனமாகப் போய்வாருங்கள்" என்று உடனே பதில் போகும். திரும்பி வந்ததும் இன்னொரு மெசேஜ். அடுத்தநாள் காலை எட்டு மணிக்குள் திரும்பாத படகு எங்கள் திரையில் சிவப்பாகும். சிவப்பைக் கண்டால் நாங்கள் கடற்படைக்கும் சங்கத்துக்கும் போன் எடுத்து, எந்தக் கடல் என்று சொல்லித் தேடச் சொல்வோம். முதலில் தலைமன்னாரில் மட்டும் தொடங்கினோம். அங்கே சங்கத்துப் பிள்ளை ஒருத்தி கரையில் இருந்து கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு பதிவு இருந்தால் குழப்பம் என்று சொல்லி அந்தக் கொப்பியை நிற்பாட்டியது நான்தான். நல்ல கையெழுத்து அவளுக்கு.

புரொஜெக்ட் காசு கொடுத்தவர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். குறைந்தது இரண்டு தரவுத்தள மென்பொருளை அளந்துபார்த்து, வேகத்தை ஒப்பிட்டு, அதன் பிறகுதான் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். இரண்டின் பெயரும் உங்களுக்குத் தெரியும். நாங்கள் கந்தோரில் கூப்பிட்ட பெயரையே எழுதுகிறேன். இரும்புக்கடை வாசலில் எப்போதும் இரண்டு கழுதை நிற்கும். ஒன்று வெள்ளை, மற்றது வால் அறுந்தது. என்னோடு வேலை செய்யும் றெனால்ட் ஒன்றுக்கு வெள்ளைச்சி என்றும் மற்றதுக்கு மொட்டைவால் என்றும் பெயர் வைத்தான். எங்கள் கந்தோர்த் தலைவர்கூடக் கூட்டத்தில் "மொட்டைவால் எப்பிடிப் போகுது" என்றுதான் கேட்பார். வந்திருந்த வெளியாட்கள் கழுதையைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று நினைத்துத் தலையாட்டுவார்கள்.

நான் மொட்டைவாலின் பக்கம். காரணம் பெரிதாக இல்லை. கொழும்பிலிருந்து வந்த ஆலோசகர் வெள்ளைச்சியைச் சொன்னார், சொல்லும்போது நான் உடுத்திருந்த சேட்டைப் பார்த்தார். என் அப்பா தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து முருங்கன் பக்கம் குடியேறி, வயல் கூலியும் உப்புக் கூலியும் செய்து என்னைப் படிப்பித்தவர். எங்களைப் பார்க்கிற பார்வையில் பத்து வகை எனக்குத் தெரியும். அது நாலாவது வகை. அன்றைக்கே தலைவரிடம் போய், மொட்டைவால்தான் வெல்லும் என்று சொல்லிவிட்டேன். அளந்தது அதற்குப் பிறகு.

முதல் அளவில் வெள்ளைச்சி செக்கனுக்கு 410. மொட்டைவால் 388.

தோல்வி என்று சொல்லக்கூட முடியாத வித்தியாசம். தலைமன்னார்ப் படகு எல்லாம் ஒரே நேரத்தில் மெசேஜ் போட்டாலும் எங்களுக்குத் தேவைப்பட்டது செக்கனுக்கு இரண்டு. ஓம், இரண்டு. இரண்டு கழுதையில் எதைப் பிடித்திருந்தாலும் போதும். ஆனால் மொட்டைவால் வெல்லும் என்று சொன்ன ஆள் நான்.

ஏன் 388க்கு மேல் போகவில்லை என்று தேடினேன். நீங்கள் ஊகித்திருப்பீர்கள். ஒவ்வொரு பதிவையும் வன்தட்டில் எழுதி முடியும்வரை அது காத்துக்கொண்டு நிற்கிறது, எழுதி முடித்த பிறகுதான் "பதிவாகியது" என்கிறது. எனக்கு உடனே உப்பளம் ஞாபகம் வந்தது. மூட்டையை அடுக்கில் வைத்து, கையை எடுத்து, நிமிர்ந்தால்தான் கணக்கப்பிள்ளை கோடு கிழிப்பார். நாங்கள் அடுக்குக்கு வர நாலு எட்டு இருக்கும்போதே "போட்டாச்சு" என்று கத்துவோம். அவர் வெயிலில் தூங்கி வழிந்துகொண்டு கிழித்துவிடுவார். சிலநாள் அந்த நாலு எட்டுக்குள் மூட்டை பிரிந்து உப்பு மண்ணில் கொட்டும். கோடு கோடுதான்.

மொட்டைவாலுக்கும் அப்படி ஒரு வழி உண்டு. ஒரு வரியை மாற்றினால், "பதிவாகியது" என்று உடனே சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் மனதில் வைத்திருந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சேர்த்து எழுதும். இடையில் கரண்ட் போனால் மனதில் இருந்தது போச்சு. புத்தகத்தில் அதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. வாசித்தேன். மாற்றினேன்.

9,412.

மூன்றுதரம் ஓட்டினேன். மூன்றுதரமும் ஒன்பதாயிரத்துக்கு மேல். நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். றெனால்ட் ஓடிவந்து பார்த்தான்.

"மச்சான், இது கழுதையோ குதிரையோ?"

"கழுதைதான். பாரத்தை இறக்கிப்போட்டு ஓடுது."

"உந்த ஓட்டம் ஓடினா ராமேஸ்வரத்தில போய்த்தான் நிக்கும்."

இரண்டு பேரும் மேசையைச் சுற்றி ஒரு சுற்று ஆடினோம். தலைவர் வந்து என்ன சத்தம் என்று கேட்டு, எண்ணைப் பார்த்துவிட்டுத் தானும் அரைச் சுற்று ஆடினார், அவருக்கு மூட்டு வருத்தம். எல்லாருக்கும் ஐஸ்கிறீம் வந்தது. கவனிக்க வேண்டியது, நான் றெனால்டுக்கு உண்மையைத்தான் சொன்னேன். அவன் சிரித்தான். வெள்ளைச்சிக்கு அந்த ஒரு வரியை நான் மாற்றவில்லை. மாற்றியிருந்தால் அதுவும் ஒன்பதாயிரம் ஓடியிருக்கும், பிறகு ஒப்பிட என்ன இருக்கிறது.

கூட்டம் மார்ச் பதினைந்து காலை பத்து மணிக்கு. காசு கொடுத்தவர்கள் வருகிறார்கள். பதினாலாம் திகதி பின்னேரம் மாற்றிய வரியோடு கடைசியாக ஒருதரம் ஓட்டிப்பார்த்தேன். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கொம்பியூட்டர், தலைமன்னார்ப் படகுகளின் உண்மையான பதிவும் அதில்தான். கரண்ட் போனால் தாங்கும் பற்றரிப் பெட்டி ஒன்று வாங்கியிருந்தோம். பங்குனி வெக்கை, அது தலைவரின் காற்றாடிக்குப் போயிருந்தது. இதுவும் எனக்குத் தெரியும்.

4.19க்குக் கரண்ட் போனது. இருபது நிமிடத்தில் வந்தது. திரும்பப் போட்டபோது கடைசிப் பதிவு 4.15 என்று நின்றது. நாலு நிமிடம். படகுகள் இறங்கும் நேரம் அது. அடடா என்று மனதில் சொல்லிக்கொண்டு, அடுத்தநாள் காட்ட வேண்டிய படங்களைச் செய்யப் போய்விட்டேன். நல்ல நிறங்கள் போட்டேன். வெள்ளைச்சிக்குச் சாம்பல், மொட்டைவாலுக்குப் பச்சை. பச்சைக் கம்பம் திரையின் உச்சிவரை போனது.

பதினைந்தாம் திகதி காலை எட்டு மணிக்கு ஒரு சிவப்பும் இல்லை. ஆனால் வேறொன்று இருந்தது. பத்துப் படகு திரும்பி வந்ததாகப் பதிவு, அந்தப் பத்தும் போனதாகப் பதிவு இல்லை.

றெனால்ட் என் தோளுக்கு மேலால் எட்டிப்பார்த்தான். "இதென்னடாப்பா, போகாமலே திரும்பி வந்திருக்கிறாங்கள். கரையில நிண்டே பிடிச்சவங்களோ?"

"கரண்ட் போனதில விழுந்திருக்கும். நான் பாக்கிறன்."

"கெதியாப் பார். பத்து மணிக்கு வெள்ளைக்காரர் வந்தா, உப்பிடி மீன்பிடிக்கிறது எப்பிடியெண்டு கேப்பினம்."

மெசேஜை வாங்கும் சின்னப் பெட்டி ஒன்று தனியாக இருக்கிறது. அதற்குச் சொந்த பற்றரி, சொந்த நினைவு. வந்த மெசேஜ் எல்லாம் அதில் கிடக்கும், கரண்ட் இல்லாதபோது வந்தவற்றை மட்டும் பிறகு தானே அனுப்பிவிடும். திறந்து பார்த்தேன். அந்த நாலு நிமிடத்தில் வந்தவை பதினொன்று. பத்துக்கும் போன நேரத்தைக் கையால் போட்டேன். வெறும் இருபது நிமிட வேலை, நேர்த்தியாகச் செய்தேன்.

பதினோராவது, கொன்ஸ்ரன்ரைன் என்பவருடைய படகு. 4.17. தென்கடல். திரும்பி வந்த மெசேஜ் இல்லை.

இந்த இடத்தை நீங்கள் நிதானமாக வாசிக்க வேண்டும், மிஸ், ஏனென்றால் நான் நிதானமாகத்தான் யோசித்தேன். கையால் போடும் பதிவில், போட்ட நேரமும் விழும். அந்தப் பத்தையும் ஒருவரும் திறந்து பார்க்கமாட்டார்கள், படகுகள் கரையில் நிற்கின்றன. பதினோராவதைப் போட்டால் உடனே சிவப்பாகும். சிவப்பானால் தலைவர், கடற்படை, பத்து மணிக்கு வருகிறவர்கள், எல்லாரும் அந்த ஒரு வரியைத் திறப்பார்கள். நேற்றுப் பின்னேரம் போன படகை இன்று காலை 8.26க்கு ஏன் எழுதினாய் என்று கேட்பார்கள். அங்கிருந்து பச்சைக் கம்பத்துக்கு வர இரண்டு கேள்வி போதும்.

எஞ்சின் நின்றிருக்கும், யாராவது கட்டி இழுத்து வருவார்கள், மத்தியானத்துக்குள் வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். கடல் அன்றைக்கு எண்ணெய் மாதிரிக் கிடந்தது. பதினோராவதைப் போடவில்லை.

இப்போது யோசிக்கும்போது ஒன்று விளங்குகிறது. வந்தவர்களின் முன்னால் ஒரு சிவப்பு எரிந்து, நாங்கள் போன் எடுத்து, ஒரு ஆளைக் கடலிலிருந்து மீட்டிருந்தால், அவர்கள் பச்சைக் கம்பத்துக்குத் தட்டியதைவிட இரண்டு மடங்கு கைதட்டியிருப்பார்கள். அன்றைக்கு அது எனக்குத் தோன்றவே இல்லை. காட்டும் கலையில் நான் இன்னும் படிக்க வேண்டியது இருக்கிறது.

8.40க்கு ஒரு பெண் படியேறி வந்தா. பஸ்ஸில் நின்று வந்த களை. கையில் செருப்பு, ஒரு வார் அறுந்திருந்தது.

"சேர், நான் துசாந்தினி. தலைமன்னார். கொன்ஸ்ரன்ரைன்ர மனுசி. அவர் இன்னும் வரேல்ல சேர்."

என்னை சேர் என்று கூப்பிடும் ஆட்கள் அப்போது குறைவு. கதிரை எடுத்துக் கொடுத்தேன்.

"எப்ப போனவர்?"

"நேற்றுப் பின்னேரம், நாலு மணி தாண்டி. கூடப்போற பெடியனுக்குக் காய்ச்சல் எண்டு தனியப் போனவர். எனக்கு முன்னாலதான் மெசேஜ் போட்டவர். பதிவாகியது எண்டு பதில் வந்தது. நான் வாசிச்சனான்."

திரையை அவ பக்கம் திருப்பினேன். "பாருங்கோ அக்கா. உங்கட படகு நேற்றுப் போனதாய் இல்லை."

அவ குனிந்து, விரலை வைத்து, ஒவ்வொரு இலக்கமாக மேலிருந்து கீழே பார்த்தா. பிறகு கீழிருந்து மேலே.

"அப்ப நான் வாசிச்சது என்ன சேர்?"

"பழைய மெசேஜாய் இருக்கும். எந்தக் கடல் எண்டு சொன்னவரோ?"

"பிள்ளைக்குச் சோறு குடுத்துக்கொண்டு நிண்டனான், கேக்கேல்ல. எப்பவும் வடக்காலதான் போறவர்."

"அப்ப வடக்காலதான் தேடவேணும்," என்றேன். நியாயமான வசனம். அவ சொன்னதை வைத்துத்தான் சொன்னேன்.

கூட்டம் மிக நன்றாக நடந்தது. பச்சைக் கம்பம் எழும்பியபோது ஒரு வெள்ளைக்காரப் பெண் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. கழுதைக் கதையை றெனால்ட் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் சிரித்து முடிக்கும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். பிறகு இறால் கறியோடு சாப்பாடு. நான் இரண்டுதரம் போட்டுச் சாப்பிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு லேசாக நான் நடந்ததில்லை. கால் நிலத்தில் பட்டதா என்றே தெரியாது.

சாப்பிட்டுக் கை கழுவும்போது தலைமன்னார்ச் சங்கத் தலைவர் போன் எடுத்தார். தேடப்போக ஆறு படகு எண்ணெய் அடித்து நிற்கிறது என்றார்.

"தம்பி, உங்கட மிசின் என்ன சொல்லுது?"

"படகு போகேல்ல எண்டு சொல்லுது."

"போகாத படகு கரையில இல்லையே."

எனக்குச் சிரிப்பு அடங்காத நேரம் அது. வாயில் வந்ததைச் சொன்னேன். "அக்கரைக்குப் போறாக்கள் எங்களுக்கு மெசேஜ் போட்டுட்டே போகினம், ஐயா?"

அவர் "உப்பிடியும் இருக்குமோ" என்றார்.

ஊருக்கு அது புதிய விசயமில்லை. சாமான் விலை ஏறிய வருடத்தில் எத்தனை குடும்பம் படகில் இந்தியாவுக்குப் போனது என்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் கதை மூன்று நாளில் தலைமன்னாரிலிருந்து மன்னாருக்கு வந்து, ரீக்கடையில் எனக்கே சொல்லப்பட்டது, கூடுதல் விபரங்களோடு. மண்டபம் முகாமில் அவருக்கு ஒரு மச்சாள் இருக்கிறாவாம். மனுசியின் சங்கிலியைப் போவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே விற்றுவிட்டாராம். நான் சொல்லாத எவ்வளவோ அதில் இருந்தது, ஆர்வத்தோடு கேட்டேன்.

ஆறு படகும் இரண்டு நாள் வடகடல் முழுவதும் தேடின. நல்ல ஆட்கள், சொந்த மண்ணெண்ணெயில் போனார்கள். மூன்றாம் நாள் நிற்பாட்டிவிட்டார்கள். ஓடிப்போன ஆளை எதற்குத் தேடுவது. தென்கடலுக்கு ஒருவரும் போகவில்லை. தென்கடல் என்று தெரிந்த ஆள் ஊரில் ஒருவர்தான்.

ஒன்பதாம் நாள் அக்கரையில் கீழக்கரைப் பக்கம் படகு கரை ஒதுங்கியது. ஆள் இல்லை. அங்கத்தைய மீனவர்கள் எடுத்த படம் எல்லாருடைய போனுக்கும் வந்தது. "பாத்தியே, இறங்கிட்டான்" என்று றெனால்ட் சொன்னான். கதை அதோடு உறுதியாகிவிட்டது. நான் அந்தப் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். எஞ்சினின் மூடி கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தது. பலகையில் ஸ்பனர் இரண்டு வரிசையாகக் கிடந்தன. தண்ணீர்க் கான் வெறுமையாகச் சரிந்திருந்தது. கரையில் இறங்கி ஓடுகிறவன் எஞ்சினைக் கழற்றுவதில்லை. எத்தனை நாள் திருத்தப் பார்த்தார் என்று படத்தில் இல்லை. இரண்டு நாளாவது இருக்கும்.

மெசேஜ் பெட்டியைக் கூட்டம் முடிந்த அன்றைக்கே துடைத்துவிட்டேன். எப்படியும் மாதம் ஒருமுறை துடைக்க வேண்டியதுதான். துடைக்க முன் அந்த ஒரு வரியை மட்டும் ஒரு கடதாசித் துண்டில் எழுதி மேசை லாச்சியில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று பலதரம் யோசித்திருக்கிறேன். மனச்சாட்சி உள்ள ஆள் என்பதால்தான் என்று நினைக்கிறேன்.

துசாந்தினி இப்போதும் வருவா. மாதம் ஒருதரமாவது. புருசன் கடலில் செத்தார் என்று ஒரு கந்தோரும் எழுதாது, ஏனென்றால் அவர் கடலுக்கே போகவில்லை என்று பதிவு இருக்கிறது. கேட்ட இடங்களுக்கெல்லாம் அந்தப் பதிவை அச்செடுத்து, கையெழுத்து வைத்து, சீல் அடித்துக் கொடுத்தது நான்தான். இதுவரை நாலு பிரதி. அவ ஒவ்வொன்றையும் மடித்து பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்து, "நன்றி சேர்" என்று சொல்லிவிட்டுப் போவா. கோயிலில் அவர் ஆன்மாவுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கப் போனால், செத்தாரோ உயிரோடு இருக்கிறாரோ என்று தெரியாமல் எப்படி என்று கேட்கிறார்களாம். பள்ளிக்கூடத்தில் மகனைப் பார்த்து, அப்பா அக்கரையில் வேறு அம்மா எடுத்திட்டாரா என்று கேட்கிறார்களாம். போனமுறை வந்தபோது கேட்டா, "சேர், நான் அந்தப் பதிலை வாசிச்சனான்தானே. எனக்கு விசரில்லைத்தானே?" இல்லை அக்கா என்றேன். அதில் பொய் இல்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாற்ற வேண்டிய வரி எது என்று இணைப்பில் வைத்திருக்கிறேன், மாற்றிப் பாருங்கோ, உங்களுக்கும் ஓடும். மற்ற மாவட்டங்களுக்கு எதைப் போடுவது என்று கேட்டால், இரண்டும் ஒன்றுதான், அந்த வரியை மட்டும் தொடாமல் விடுங்கோ. இங்கே கூட்டம் முடிந்த பின்னேரமே நானும் அதைப் பழையபடி மாற்றிவிட்டேன். இப்போது 388தான் ஓடுகிறது, ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு வேண்டுகோள். உங்கள் அறிக்கையில் 9,412ஐப் பிழை என்று எழுதிவிடாதீர்கள். மூன்றுதரம் அளந்தேன். அந்த எண்ணில் ஒரு கள்ளமும் இல்லை.

நான் கொன்ஸ்ரன்ரைனைக் கடலில் விட்டேன், எந்தக் கடல் என்று தெரிந்துகொண்டே விட்டேன். இதை நீங்கள் எங்கே கொடுக்க வேண்டுமோ அங்கே கொடுங்கோ. லாச்சியில் கிடக்கும் துண்டையும் கேட்டால் தருவேன், ஆனால் அது உங்களுக்குரியது இல்லை. மார்ச் பதினாலு பிற்பகல் 4.17க்கு கொன்ஸ்ரன்ரைன் தென்கடலுக்குப் போனார் என்று, என் கையெழுத்தும் சீலும் வைத்து, ஒரு வரி துசாந்தினிக்கு நான் தரவேண்டியிருக்கிறது. இன்னும் கொடுக்கவில்லை.